இடம் அதிகம் இருந்ததால் இடமில்லை: ஒரு பழைய சிடியை ஓடவைத்த ஐந்து மாலைகள்

நாகர்கோவில் அத்தை வீட்டு மாடியறையில் அந்தக் கம்ப்யூட்டர் பதினோரு ஆண்டுகளாகப் பூப்போட்ட துணியுறைக்குள் உட்கார்ந்திருந்தது. 2003-இல் கடையில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிய பெட்டி. செலரான் 1.7 கிகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 52 எக்ஸ் சிடி டிரைவ், தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் 15 அங்குல மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வாசல்வரை வந்து விலை கேட்டுப் போயிருக்கிறார். அத்தை கொடுக்கவில்லை.

மே மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஏழு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. "உன் அம்மா இதை வைத்துத்தான் எழுத்துப் படித்தாள்" என்று அத்தை தமிழ் எழுத்து சொல்லித்தரும் ஒரு சிடியைக் காட்டியிருக்கிறார். அது என்ன தட்டு என்று பேத்தி கேட்டிருக்கிறாள். இதை ஓடவைத்துத் தா என்று அன்று மாலையே எனக்குப் போன் வந்துவிட்டது. யூடியூபில் இதுபோல் ஆயிரம் கிடைக்குமே என்றேன். "அதில் நடுவில் விளம்பரம் வரும், பிறகு வேறு எதுவோ வரும், பிள்ளை அதோடு போய்விடும். இதில் அ முடிந்தால் ஆதான் வரும்" என்றார் அத்தை. அதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை.

முதல் மாலை முழுவதும் மின்சாரத்துக்கே போனது. இத்தனை ஆண்டு தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் செருகிவிடக் கூடாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒட்டடை, தூசிக் கம்பளம், மின்சாரம் பிரித்துத்தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் அடியில் பல்லி முட்டை ஓடுகள் மூன்று. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளிவிட்டு முதலில் பார்த்தது பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களை, மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் அந்தச் சிறு உருளைகளைத்தான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மதர்போர்டுகளில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் உச்சி புடைத்து, பழுப்பாகக் கசிந்து, போர்டையே கொன்ற காலம் ஒன்று உண்டு. இதில் எல்லா உச்சியும் தட்டையாகவே இருந்தன. மகிழ்ச்சி.

எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிலிருந்து பிரித்து, கைவசம் இருந்த ஒரு செத்த ஹார்ட் டிஸ்க்கைச் சுமைக்கு மாட்டி, போர்டு இல்லாமலே அது ஓடப் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். விசிறி முனகிக்கொண்டே சுற்றியது. மல்டிமீட்டரில் 11.9 வோல்ட், 5.1 வோல்ட். போதும். தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 0.4 காட்டியது, தெருமுனைக் கைக்கடிகாரக் கடையில் புதிது வாங்கிப் போட்டேன். எல்லாவற்றையும் பூட்டிப் பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பு, விடாமல் பீப் சத்தம். ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். ஒற்றை பீப். கம்ப்யூட்டர் சரிசெய்யும் கடைகளில் பாதி வருமானம் அந்த ரப்பரில்தான் வந்தது என்று நான் சொன்னால், அந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்ததும் பேத்தியைவிட அத்தைதான் அதிகம் சிரித்தார். நான் அதற்குமேல் எதையும் தொடவில்லை. இருபது ஆண்டு ஹார்ட் டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுபோகலாம் என்பதால் அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பானில் மாட்டி, உள்ளே இருந்த புகைப்படங்களை எல்லாம் என் மடிக்கணினிக்கு எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். 2.3 ஜிபி. காதுகுத்து, கிரகப்பிரவேசம், மாமாவின் ஓய்வுபெற்ற நாள். இந்த 2.3 ஜிபி பின்னால் வேறொரு வேலைக்கு உதவப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் சிடி டிரைவ். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல், தட்டு வெளியே வரவில்லை. முகப்பில் இருக்கும் ஊசித்துளையில் நிமிர்த்திய கிளிப்பை நுழைத்துத் தள்ளித்தான் திறக்க முடிந்தது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: தட்டை இழுக்கும் மோட்டாரில் இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட், வளையல் அளவுகூட இல்லாதது, தளர்ந்து வழுக்குகிறது. சமையலறையில் கொதித்த நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் சுருங்கும். நிரந்தர மருந்தல்ல, சில மாதத் தவணைதான். அத்தை அதை டீ வடிகட்டியால் எடுத்துத் தந்தார். லென்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சியால் ஒரு முறை தொட்டுத் துடைத்தேன். அழுத்தித் தேய்ப்பவர்கள் லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பியை வளைத்துவிட்டு டிரைவைப் பழிப்பார்கள்.

இனி சிடி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பீரோவுக்குள் வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இழை இழையாகப் பூத்திருந்தது. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, குழாய் நீர், பழைய பனியன் துணி. துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இருக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் தரவு சுருள் பாதையில் ஓடுகிறது. அதற்குக் குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் மறைக்கும், பிழைதிருத்தும் கணக்கு அதை ஈடுகட்டிவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாக விழுங்கிவிடும். பிறகு டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். ஊசிமுனை அளவில் இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியிலேயே அலுமினியப் படலம் இருக்கிறது. அது உரிந்தால் அங்கே இருந்த தரவு போனதுதான், எந்தப் பாலீஷும் மீட்காது. நல்லவேளை, இரண்டும் வெளி விளிம்பில். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது; இதில் இருந்தது சுமார் 400 எம்பிதான். 650 எம்பி கொள்ளும் வட்டில் விளிம்பு காலி.

சிடியை இட்டதும் வீணை ஒலியோடு நிறுவும் திரை வந்தது. அடுத்து, அடுத்து என்று அழுத்திப்போனேன். "90 எம்பி தேவை. உங்கள் டிஸ்க்கில் போதுமான இடம் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு சாம்பல் பெட்டி.

மை கம்ப்யூட்டரில் பார்த்தேன்: சி டிரைவில் 11.2 ஜிபி காலி.

இந்த இடத்தில் நான் செய்தது முட்டாள்தனம். ஆனால் எல்லோரும் செய்வது. இடமில்லை என்கிறதே என்று இடம் ஒதுக்கத் தொடங்கினேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். தற்காலிகக் கோப்புகள், எப்போதோ இறக்கிய விளையாட்டுகள், 2009-இல் காலாவதியான ஒரு வைரஸ் தடுப்பு நிரல் எல்லாம் போயின. 11.8 ஜிபி ஆயிற்று. அதே சாம்பல் பெட்டி. இரவு பத்தரை மணிக்கு அணைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தபோது புத்திக்கு வந்தது. இந்த நிரல் 1999-இல் எழுதியது. அப்போது வீட்டு ஹார்ட் டிஸ்க் 4 ஜிபி, 6 ஜிபி. எத்தனை பைட் காலி என்பதை 32 இருமத்தில் (பிட்) அடங்கும் எண்ணாக நிரலாளர் கணக்கிட்டிருப்பார். 32 இருமத்துக்கு உச்சவரம்பு 4 ஜிபி. அதைத் தாண்டினால் சுவர்க்கடிகாரம் பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றுக்கு வருவதுபோல் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதோடு, குறை எண்களையும் தாங்கும் வகையாக அந்த எண்ணை அறிவித்திருந்தால், சுற்றின் பின்பாதியில், அதாவது 2 முதல் 4 ஜிபி வரை, எது வந்தாலும் அது மைனஸ். என் 11.8-இல் இரண்டு முழுச் சுற்று, 8 ஜிபி, போக மீதி 3.8. பின்பாதி. நிரலின் கண்ணுக்கு என் டிஸ்க்கில் காலியிடம் மைனஸ் 0.2 ஜிபி. இடம் அதிகம் இருந்ததால் அதற்கு இடமில்லை.

சாப்பிட்ட கையோடு மாடிக்கு ஓடினேன். மடிக்கணினிக்கு எடுத்த அந்த 2.3 ஜிபி புகைப்படங்களை ஒரு பென் டிரைவ் வழியாக அதே சி டிரைவில் இன்னொரு நகலாகக் கொட்டினேன். காலியிடம் 9.5. இரண்டு சுற்று போக மீதி 1.5, முன்பாதி. நிறுவும் நிரல் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த திரைக்குப் போய்விட்டது. இடமில்லை என்ற நிரலுக்கு இடத்தை அடைத்து இடம் கொடுத்தாயிற்று.

ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் அன்று இன்னும் ஒரு 400 எம்பியை அழித்திருந்தால் காலியிடம் 12.2 ஆகியிருக்கும். மூன்று சுற்று போக மீதி 0.2, தேவையான 90 எம்பி அதில் அடங்கும், நிறுவல் நடந்திருக்கும். டிஸ்க்கில் உண்மையாகவே இடப் பற்றாக்குறைதான், குப்பையை நீக்கினேன், சரியாயிற்று என்று வாழ்நாள் முழுவதும் நம்பியிருப்பேன். பழைய கம்ப்யூட்டர் வேலையில் இப்படிச் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகப் பெற்றவர்கள் எத்தனையோ பேர். ஃபார்மட் போட்டதும் சரியாயிற்று என்று சொல்லும் தொழில்நுட்பர் எல்லாம் என் கண்ணுக்கு இப்போது அந்த 400 எம்பியை அழித்தவராகவே தெரிகிறார்.

நிறுவல் 64 சதவீதம் வரை போய் நின்றது. டிரைவ் உள்ளே கிர் கிர் என்று வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஐந்து நிமிடம். பிறகு சைக்ளிக் ரிடண்டன்சி செக் பிழை, அதாவது படித்த தரவு சரியாக இல்லை. மீண்டும் முயல்க. அதே இடம். இன்னொரு முறை. அதே இடம். இந்த மீண்டும் முயல்கவை நான் ஏழெட்டுத் தடவை அழுத்தினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான தண்டனை நான்காம் மாலை வருகிறது.

பழைய டிரைவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு என் வெளி டிவிடி டிரைவில் சிடியைப் போட்டு, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற தரவு மீட்கும் நிரலை ஓடவிட்டேன். சாதாரண நகலெடுப்பு முதல் கெட்ட இடத்திலேயே முட்டி நிற்கும். இது படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். ஐம்பது நிமிடத்தில் 7 செக்டர், அதாவது ஏழு சிறு தரவுத் துண்டுகள், மட்டும் மிச்சம். செக்டருக்கு 2048 பைட், மொத்தம் 14 கேபி. அந்த ஏழுக்காக மறுநாள் நண்பர் ஒருவரின் பழைய மடிக்கணினியை வாங்கிவந்து, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து அந்த டிரைவில் ஓடவிட்டேன். இரண்டு டிரைவின் கண்ணும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும். நான்கு நிமிடத்தில் ஏழும் வந்துவிட்டன. இந்த மொத்த வேலையில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெருமை உண்டு என்றால் அது இந்த 14 கேபிதான்.

கோப்புகளை மட்டும் இழுத்துப் புதிய வட்டில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். நிறுவிய பிறகு நிரல் "சிடியை இடுங்கள்" என்று அடம்பிடித்தது, சிடி உள்ளேயே இருக்க. வட்டுக்கு இட்ட பெயரை அது சரிபார்க்கிறது; நான் வைத்த பெயர் வேறு. எனவே டிடிரெஸ்கியூ எடுத்த, வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ பிம்பத்தையே அப்படியே எழுத வேண்டும். காலி சிடி கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். வடசேரியில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கல்யாண வீடியோக் காலத்து மிச்சம் ஒரு கட்டு இருந்தது. இரண்டு வாங்கி, குறைந்த வேகத்தில் எழுதினேன்.

நகல் சிடியில் நிறுவல் முழுதாக ஓடியது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தார். நிரல் திறந்தது. மயில் ஊதா, புல் ஊதா, பாடம் சொல்லும் தாத்தாவின் முகமும் ஊதா. இது எளிது: 256 நிறங்களுக்கென்று வரைந்த படங்கள். குறுவழிப் படத்தில் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 256 நிறம் என்ற கட்டத்தில் டிக். தாத்தா மனிதரானார்.

முதல் பாடம். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் படம். குரல் "அம்மா" என்றது. கீழே எழுத்து இருக்க வேண்டிய பட்டையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எம், கே, பிறகு ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அடுத்த படம் ஆடு: பெரிய எம், பெரிய எல். இலைக்கு ஒரு காற்புள்ளி, ஐ, ஒய். பேத்தி ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள். படிக்க முயன்று விழித்தாள். கெட்ட செக்டர் ஏதோ தரவைச் சிதைத்துவிட்டது என்று எனக்கு வயிறு கலங்கியது. அந்த 14 கேபி பெருமை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனார். "இது சரியாகத்தானே இருக்கிறது" என்றார்.

எங்கே சரி என்றேன்.

"எம் இடத்தில் அ. கே இடத்தில் ம. அரைப்புள்ளி இடத்தில் புள்ளி. எச் இடத்தில் துணைக்கால். அம்மா." வலது கைவிரல்கள் மேசை விளிம்பில் அதை அடித்தும் காட்டின. "ஷிஃப்ட் போட்டு எம் அடித்தால் ஆ. ஷிஃப்ட் போட்டு எல் அடித்தால் டு. ஆடு. இவ்வளவுதானே?"

அத்தை முப்பத்தோரு ஆண்டு அரசு அலுவலகத் தட்டச்சர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலைத் தேர்வு எழுதியவர். யளனகபாதமட என்று அவர் விரல்கள் இருபது வயதில் பழகிய வரிசை இன்னும் அழியவில்லை. எனக்கும் அந்த நொடியே விளங்கியது. தரவு பழுதாகவில்லை. தட்டச்சு வரிசையை ஒட்டி அமைந்த பாமினி வகை எழுத்துருவில் எழுதிய பாடம் இது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு என்ற முகமூடியைப் போட்டால் தமிழாகத் தெரியும், கழற்றினால் எம், கே, அரைப்புள்ளி. எழுத்துரு மட்டும் இயந்திரத்தில் சேரவில்லை.

அந்தக் காலத் தமிழ் சிடிகள் பலவற்றுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று எழுத்துகளுக்கு எண் தரும் இரண்டு குறியீடுகளைத் தமிழக அரசு தரமாக வகுத்தது; இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு ஒரு பக்கம்; பாமினி ஒரு பக்கம்; இவை போதாதென்று நிறுவனத்துக்கு நிறுவனம் சொந்த வரிசை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடை அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல்தான். எனவே அந்த ஆண்டுகளின் சிடியில் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தெரிந்தால் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் தட்டச்சு வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் மற்றவற்றில் ஒன்று. தட்டச்சு தெரிந்த அத்தை இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சிடியைத் துழாவினேன். ஃபான்ட்ஸ் என்ற அடைவில் (ஃபோல்டரில்) இரண்டு எழுத்துருக் கோப்புகள் சும்மா கிடந்தன. நிறுவும் நிரல் அவற்றைத் தன் சொந்த அடைவுக்கு மட்டும் நகலெடுத்துவிட்டு நின்றிருக்கிறது. கண்ட்ரோல் பேனல், ஃபான்ட்ஸ், ஃபைல், புதிய எழுத்துருவைச் சேர். நிரலை மூடித் திறந்தேன். அம்மா, ஆடு, இலை.

பேத்தி ஈ-க்கு வரும் ஈட்டி வரை போனாள். பிறகு பாட்டு. காணொளி நான்கு நொடி ஓடும், இரண்டு நொடி நிற்கும்; மவுஸின் அம்புக்குறிகூட அந்த இரண்டு நொடி உறைந்துபோகும். புது நகல், கீறல் இல்லை, 4 எக்ஸ் வேக டிரைவ் போதும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. 52 எக்ஸ் ஏன் திணற வேண்டும்?

இதுதான் அந்த ஏழெட்டு மீண்டும் முயல்கவின் தண்டனை. ஒரு டிரைவைப் படிக்கும்போது ஆறு முறை பிழை சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி அந்த இணைப்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் டிஎம்ஏ முறையிலிருந்து பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். டிஎம்ஏவில் டிரைவ் தானே நினைவகத்துக்குத் தரவைக் கொண்டுசேர்க்கும். பிஐஓவில் ஒவ்வொரு கைப்பிடியையும் பிராசஸரே சுமக்க வேண்டும். படம் காட்ட அதற்குக் கை ஒழியாது. கெட்ட சிடியை எடுத்துவிட்டு நல்ல சிடியைப் போட்டாலும் எக்ஸ்பி அந்தக் கோபத்தை மறக்காது. டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவ் மாட்டியிருக்கும் இணைப்பான இரண்டாவது ஐடிஇ சேனலின் அமைப்பைப் பார்த்தேன், தற்போதைய முறை பிஐஓ என்றே இருந்தது. அந்தச் சேனலை அங்கேயே நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் சேர்த்துக்கொள்ளும். சேர்த்துக்கொண்டது. நிலா நிலா ஓடிவா தடங்கலின்றி ஓடியது.

ஐந்தாம் மாலை எனக்கு வேலை இல்லை. பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன்: பேட்டரி மாற்றிய தேதி, பெல்ட் வேகவைத்த தேதி, மறுபடி நிறுவ நேர்ந்தால் காலியிடத்தை நான்கால் வகுத்து மீதி இரண்டுக்குக் கீழே இருக்கிறதா பார்க்க வேண்டும் என்ற குறிப்பு, எழுத்துரு இருக்கும் அடைவு. மூலச் சிடி உறைக்குள் சிலிக்கா ஜெல் பையோடு பீரோவுக்குப் போனது.

பேத்தி அதற்குள் உயிரெழுத்து முடித்து, ஔவையார் பாடத்துக்கு வந்திருந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"மாமா, இது யார், ஒ-ள-வையார்?"

திரையில் ஒ-வும் முழு அளவு ள-வும் அடுத்தடுத்து நின்றன. எழுத்துருவைத் திறந்து கட்டம் கட்டமாகத் தேடினேன். ஔ-வுக்கென்று தனிக் குறி அதில் இல்லை. "எங்கள் மிஷினிலும் அதற்குத் தனி விசை கிடையாது. ஒ அடித்து ள அடிப்போம்" என்றார் அத்தை, கீரை ஆய்ந்துகொண்டே. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது என்று ஏற்பாடு.